எந்தச் சோதனை என்பதற்கு முன், யாருடைய ரத்தம்?

தங்கை தன் ரிப்போர்ட்டைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்ட அன்று மாமா வீட்டில் கேசரி கிளறினார்கள். பச்சை எழுத்தில் "நெகட்டிவ்" என்று இருந்தது. அம்மாவுக்கு 43 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்து சிகிச்சையில் தப்பினார். அம்மாவின் அக்கா, எங்கள் பெரியம்மா, சினைப்பைப் புற்றுநோயில் 51 வயதில் போய்விட்டார். இப்படிப்பட்ட வீட்டில் 33 வயதுப் பெண்ணுக்கு ஜீன் சோதனையில் ஒன்றுமில்லை என்று வந்தால் கேசரி கிளறாமல் என்ன செய்வார்கள்?

ஏழு மாதம் கழித்துத்தான் அந்த நெகட்டிவுக்குப் பெரிய அர்த்தம் எதுவும் இல்லை என்று தெரிந்தது. தங்கையைக் குறை சொல்ல மாட்டேன். எது நல்ல சோதனை, எது விலை குறைவு, எத்தனை ஜீன் பார்ப்பார்கள் என்றே நாங்கள் எல்லாரும் கேட்டுக்கொண்டிருந்தோம். முதலில் யாருக்கு எடுக்கணும் என்று ஒருவரும் கேட்கவில்லை. வீட்டுக்கே வந்து ரத்தம் எடுத்துப்போன ஆளும் கேட்கவில்லை.

இந்த நோய்கள் குடும்பத்தில் வந்திருக்கின்றன, சோதனை எடுக்கலாமா, எடுத்தால் எதை எடுப்பது என்று யோசிக்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. கணக்கு பார்க்கிற வேலை. இரண்டு வருடம் இதே அலைச்சல்.

கடையில் கிடைக்கும் எச்சில் கிட்டை முதலில் தள்ளி வைத்துவிடுகிறேன். சின்னக் குழாயில் துப்பி அனுப்பினால் உங்கள் பூர்வீகம், காபி ஒத்துக்கொள்ளுமா, முடி கொட்டுமா என்று அறுபது பக்கத்துக்கு அறிக்கை வரும். நானும் ஒன்று வாங்கினேன். எனக்குக் கொத்தமல்லி வாசனை பிடிக்காமல் போக வாய்ப்பு அதிகம் என்று போட்டிருந்தது. ரசத்தில் ஒரு கைப்பிடி போடுகிறவள் நான். வேடிக்கை அதோடு சரி. இந்தக் கிட்டுகள் ஜீன்களை முழுக்கப் படிப்பதில்லை. டிஎன்ஏ என்பது நாலே எழுத்துகளில் எழுதிய நீண்ட வரி மாதிரி; அதில் முன்கூட்டியே தேர்ந்தெடுத்த சில லட்சம் இடங்களில் எந்த எழுத்து இருக்கிறது என்று மட்டும் பார்க்கின்றன. 2018ல் அமெரிக்காவில் இப்படிக் கிட் விற்கும் 23அண்ட்மீ நிறுவனத்துக்கு, பிழையானால் மார்பக, சினைப்பைப் புற்றுநோய் அபாயத்தைக் கூட்டும் பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 ஜீன்கள் பற்றிச் சொல்ல அனுமதி கிடைத்தபோது, அது பார்த்தது மூன்றே மூன்று பிழைகளை. மூன்றும் அஷ்கெனாசி எனப்படும் ஐரோப்பிய வம்சாவளி யூதர்களிடம் அதிகம் காணப்படுபவை. இந்த இரண்டு ஜீன்களிலும் நோய்க்குக் காரணமாகும் பிழைகள் ஆயிரக்கணக்கில் பதிவாகியிருக்கின்றன. மூன்றைப் பார்த்துவிட்டு "இல்லை" என்றால் அது யாருக்கு ஆறுதல்?

"இருக்கு" என்று வந்தாலும் நம்ப முடியாது. கிட்டின் கச்சாத் தரவில் ஆபத்தான பிழை இருப்பதாகக் கண்டு பயந்து வந்த 49 பேரின் மாதிரிகளை ஓர் அமெரிக்க மருத்துவ ஆய்வகம் மறுபடி சோதித்து 2018ல் வெளியிட்டது. கச்சாத் தரவில் இருப்பதாகக் காட்டிய மாற்றங்களில் 40 சதவீதம் அந்த ஆட்களிடம் இல்லவே இல்லை. அதற்கு மேல் அந்தரங்கப் பிரச்சினை. அதே 23அண்ட்மீயிலிருந்து 2023ல் சுமார் 69 லட்சம் பேரின் விவரங்கள் கசிந்தன. 2025 மார்ச்சில் நிறுவனம் திவால் மனு போட்டது. கிரெடிட் கார்டு எண் கசிந்தால் கார்டை மாற்றிக்கொள்ளலாம். ஜீனை என்ன செய்வது?

அடுத்தது, சோதனையே வேண்டாம், வருடம் தவறாமல் செக்கப் செய்துகொள்ளலாம் என்கிற வழி. என் மாமா கட்சி இதுதான். "தெரிஞ்சு என்ன பண்ணப்போற? வந்தா பாத்துக்கலாம்." இதை அசட்டுத்தனம் என்று ஒதுக்க மாட்டேன். மார்பகத்தைப் பொறுத்தவரை இது ஓரளவு நடக்கிற காரியம். அம்மாவுக்கு நோய் வந்த வயதுக்குப் பத்து வருடம் முன்னாலேயே மகளுக்குப் படம் எடுக்கத் தொடங்கச் சொல்லும் மருத்துவர்கள் நிறைய. மேமோகிராம் இருக்கிறது, எம்ஆர்ஐ இருக்கிறது, சீக்கிரம் கண்டுபிடித்தால் குணமாகும் வாய்ப்பும் நன்றாக இருக்கிறது.

மாமா கட்சி தோற்கும் இடம் சினைப்பை. அதற்கு நம்பகமான செக்கப் இதுவரை இல்லை. பிரிட்டனில் இரண்டு லட்சத்துக்கு மேற்பட்ட பெண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து, ஒரு பிரிவுக்கு வருடா வருடம் சிஏ-125 ரத்தச் சோதனை, இன்னொரு பிரிவுக்கு ஸ்கேன், மூன்றாம் பிரிவுக்கு எதுவுமில்லை என்று வைத்துப் பார்த்தார்கள். 2021ல் முடிவு வந்தது. சோதித்த பிரிவுகளில் சினைப்பைப் புற்றுநோயால் ஏற்பட்ட சாவு குறையவில்லை. அது பொதுவான பெண்களை வைத்து நடந்த ஆய்வு, எங்களைப் போன்ற குடும்பங்களுக்கானது அல்ல. ஆனாலும் ஸ்கேனை மட்டும் நம்பி உட்காரலாமா என்ற கேள்விக்கு எனக்கு அது போதும். பெரியம்மா இறந்த வருடம்கூட ஸ்கேன் எடுத்திருந்தார்.

ஆக, குடும்பத்தில் மார்பகம் மட்டும் என்றால் மாமாவோடு வாதாட இடம் உண்டு. சினைப்பையும் சேர்ந்து வந்திருந்தால் ஜீனைப் பார்த்தே ஆகவேண்டும் என்பது என் கருத்து. பிஆர்சிஏ1ல் பிழை இருக்கும் பெண்களில் 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோய் வருவது சுமார் 72 சதவீதம், சினைப்பையில் 44 சதவீதம். பிஆர்சிஏ2 என்றால் 69, 17. இது ஏறத்தாழ பத்தாயிரம் பெண்களைத் தொடர்ந்து பார்த்து 2017ல் வந்த கணக்கு. 44 சதவீதம், அதுவும் முன்கூட்டிக் கண்டுபிடிக்க வழியில்லாத நோய். அதனால்தான் பிழை இருப்பவர்களுக்குக் குழந்தைப் பேறு முடிந்தபின் சினைப்பையையும் கருக்குழாயையும் எடுத்துவிடச் சொல்கிறார்கள். பிஆர்சிஏ1க்கு 35 முதல் 40 வயதுக்குள், பிஆர்சிஏ2க்கு இன்னும் கொஞ்சம் தள்ளி. சோதனை இல்லாமல் இந்த முடிவை யாரும் எடுக்க மாட்டார்கள், எடுக்கவும் கூடாது.

இனி மருத்துவச் சோதனைகளுக்கு வருகிறேன். பிஆர்சிஏ இரண்டை மட்டும் பார்ப்பது, பல ஜீன்களைச் சேர்த்துப் பார்க்கும் பேனல், எல்லா ஜீன்களிலும் புரதத்துக்கான பகுதிகளைப் படிக்கும் எக்ஸோம், டிஎன்ஏ முழுவதையும் படிக்கும் முழு ஜீனோம் என்று நாலு வகை. ஆய்வக விற்பனையாளர்கள் இதை ஓட்டல் மெனு மாதிரி நீட்டுகிறார்கள். மினி மீல்ஸ், ஃபுல் மீல்ஸ், ஸ்பெஷல் மீல்ஸ். பெரியதை வாங்கினால் நல்லது என்று கை தானாக அங்கே போகிறது.

பிஆர்சிஏ மட்டும் என்பது ஒரு காலத்தில் வேறு வழியில்லாததால் இருந்த பழக்கம். 17ஆம் குரோமோசோமில் இப்படி ஒரு ஜீன் இருந்தாக வேண்டும் என்று அமெரிக்க மரபியலாளர் மேரி-கிளேர் கிங் 1990ல் காட்டினார். 1994ல் ஜீன் பிடிபட்டது, அடுத்த வருடம் இரண்டாவதும். கண்டுபிடித்த கையோடு மிரியட் என்ற நிறுவனம் காப்புரிமை வாங்கிக்கொண்டது. அமெரிக்காவில் அந்த ஒரே நிறுவனம்தான் சோதிக்கலாம், விலை மூவாயிரம் டாலருக்கு மேல். இயற்கையில் இருக்கும் ஜீனுக்குக் காப்புரிமை கிடையாது என்று 2013 ஜூன் 13 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்குப் பிறகுதான் மற்ற ஆய்வகங்கள் இந்த இரண்டையும் தங்கள் பேனல்களில் சேர்த்துக்கொண்டன. இன்று இரண்டு ஜீனுக்கும் முப்பது ஜீனுக்கும் விலையில் பெரிய வித்தியாசம் இல்லாமல் போனது அப்படித்தான்.

பேனலில் பிஆர்சிஏ இரண்டோடு பால்பி2, டிபி53, ஏடிஎம், செக்2, ராட்51சி என்று வரிசையாக வரும். இந்தியாவில் 141 மார்பக, சினைப்பைப் புற்றுநோயாளிகளைப் பேனலில் பார்த்து 2016ல் வெளியான ஆய்வு ஒன்றில் மூன்றில் ஒருவருக்கு மேல் ஏதோ ஒரு பிழை அகப்பட்டது. அகப்பட்டவர்களில் சுமார் நாலில் ஒருவருக்குப் பிழை இருந்தது பிஆர்சிஏ அல்லாத ஜீனில். இரண்டை மட்டும் பார்த்திருந்தால் அவர்கள் அத்தனை பேருக்கும் "நெகட்டிவ்" என்று தாள் கொடுத்து அனுப்பியிருப்பார்கள். அதனால் இரண்டுக்கு நடுவில் என்றால் நான் பேனல் பக்கம்.

ஆனால் பேனலுக்கு ஒரு விலை உண்டு, பில்லில் வராத விலை. ஜீன் மாற்றங்களை ஐந்து தட்டாகப் பிரிக்கிறார்கள்: நோய் தருவது, அநேகமாகத் தருவது, தெரியாது, அநேகமாகத் தராதது, தராதது. நடுவில் இருக்கிற "தெரியாது" என்பதற்கு ஆய்வக மொழியில் வியுஎஸ். இந்த எழுத்து மாறியிருக்கிறது, ஆனால் அதனால் கெடுதலா இல்லையா என்று சொல்ல இப்போது ஆதாரம் போதாது என்று பொருள். எத்தனை ஜீன் கூடுதலாகப் பார்க்கிறோமோ அத்தனைக்கு வியுஎஸ்ஸும் கூடும். நம்மவர்களுக்கு இன்னும் அதிகம் வரும். காரணம், ஒப்பிட்டுப் பார்க்கும் உலகத் தரவுத்தளங்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளிக்காரர்களால் நிரம்பியவை. திண்டுக்கல் பக்கம் நூற்றில் இரண்டு பேரிடம் சும்மா கிடக்கிற ஓர் எழுத்து மாற்றம், அந்தத் தரவுத்தளத்தில் இல்லையென்றால் அபூர்வமாகத் தெரியும். அபூர்வம் என்றால் சந்தேகம் வரும். பல இந்தியச் சமூகங்களைச் சேர்ந்த பத்தாயிரம் பேரின் ஜீனோமைப் படித்த ஜீனோம் இந்தியா திட்டத்தின் தரவு 2025 ஜனவரியில் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. அது நம் மருத்துவத்துக்கு என்ன செய்யும் என்று கேட்டால், என் மனதில் முதலில் வருவது இதுதான்: யாரோ ஒரு பெண்ணின் ரிப்போர்ட்டில் "தெரியாது" என்பது "தராதது" என்று மாறும்.

வியுஎஸ்ஸை வைத்து எந்த முடிவும் எடுக்கக்கூடாது. அறுவை சிகிச்சை நிச்சயமாகக் கூடாது. பின்னாளில் மறுவகைப்படுத்தப்படும் வியுஎஸ்களில் மிகப்பெரும்பாலானவை தீங்கற்றவை என்றுதான் போகின்றன. எனக்குத் தெரிந்த ஒரு வீட்டில் அந்த வார்த்தையைப் பார்த்துவிட்டு மூன்று மாதம் தூங்கவில்லை. ரிப்போர்ட்டை ஈமெயிலில் அனுப்பிவிட்டு விளக்கிச் சொல்ல ஆள் இல்லாத ஆய்வகத்தில் பேனல் எடுக்கவே வேண்டாம். எடுப்பதற்கு முன் ஒரு தடவை, எடுத்த பின் ஒரு தடவை ஜெனடிக் கவுன்சிலரோ மரபியல் மருத்துவரோ உட்கார்ந்து பேச வேண்டும். வேலூர் சிஎம்சி போன்ற இடங்களில் இதற்கென்று தனித் துறையே இருக்கிறது.

முழு ஜீனோமைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சுமார் 300 கோடி எழுத்து. முதல் தடவை அதைப் படிக்க 1990லிருந்து 2003 வரை பதின்மூன்று வருடம் ஆனது. இன்று அதே வேலை சில நாட்களில், ஆயிரம் டாலருக்கும் குறைவாக முடிகிறது என்பது மனித புத்தியின் பெரிய சாதனை, மறுக்கவில்லை. என்ன நோய் என்றே தெரியாமல் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாகத் தூக்கி அலைகிற குழந்தைக்கு இதைவிட நல்ல சோதனை இல்லை. பிரிட்டனின் ஒரு லட்சம் ஜீனோம் திட்டத்தின் முன்னோட்டம் 2021ல் வெளியானபோது, அரிய நோய் சந்தேகத்தோடு வந்த நோயாளிகளில் நாலில் ஒருவருக்கு நோயின் பெயர் தெரிந்தது. பல பேர் அதற்கு முன் வருடக்கணக்கில் அலைந்தவர்கள். எங்கள் கேள்வியோ அப்படி அகலமானது அல்ல. குறிப்பிட்ட சில ஜீன்களில் பிழை உண்டா என்பதுதான். அதற்குப் பேனல் அந்த ஜீன்களை எழுத்துக்கு எழுத்து நூற்றுக்கணக்கான தடவை படித்துவிடுகிறது; முழு ஜீனோம் வழக்கமாக முப்பது தடவை. மேலும் ஜீனோமோ எக்ஸோமோ எடுத்தால், கேட்காத கேள்விக்கும் பதில் வரலாம், உதாரணமாக இதயத் தசை நோய். அப்படி வந்தால் சொல்லவா வேண்டாமா என்று சம்மதப் படிவத்தில் ஒரு கட்டம் இருக்கும். கையெழுத்துப் போடும் அவசரத்தில் யாரும் அதைப் படிப்பதில்லை. நான் இரண்டாம் தடவைதான் படித்தேன்.

இவ்வளவும் ஒப்பிட்ட பிறகு பேனல் என்று முடிவாகிறது, சரி. என் தங்கை எடுத்ததும் பேனல்தான். அப்புறம் எங்கே பிசகியது?

ஒரு மருத்துவமனையின் மூன்றாம் மாடியில், ஜன்னலே இல்லாத சின்ன அறையில் அது புரிந்தது. கவுன்சிலர் சின்னப் பெண், முப்பதுகூட இருக்காது. ரிப்போர்ட்டைத் திறக்கவே இல்லை. வெள்ளைத் தாளை எடுத்துப் பென்சிலால் வரையத் தொடங்கினாள். பெண்ணுக்கு வட்டம், ஆணுக்குச் சதுரம். நோய் வந்தவர்களுக்கு உள்ளே கறுப்பு, இறந்தவர்களுக்குக் குறுக்கே ஒரு கோடு. "உங்க அக்காவுக்கு எந்த வயசுலம்மா?" என்று அம்மாவிடம் கேட்டாள். "தாத்தா பக்கம் யாருக்காவது? ஆண்களுக்கு?" அப்பா வழி அத்தைகளையும் விடவில்லை. இந்த ஜீன் அப்பா வழியாகவும் வரும் என்பதே எங்களில் பாதிப் பேருக்குப் புதுச் செய்தி. தாள் நிறைந்தபின் பென்சிலை அம்மாவின் கறுப்பு வட்டத்தில் வைத்துக் கேட்டாள்: "இவங்களுக்குப் பாத்தீங்களா?"

இல்லை என்றோம்.

என்ன தொலைந்தது என்றே தெரியாமல் வீடு முழுக்கத் தேடிவிட்டு "ஒண்ணும் கிடைக்கல" என்று சொல்வது மாதிரிதான் தங்கையின் ரிப்போர்ட். அதை மூன்று விதமாகப் படிக்கலாம். அம்மாவிடம் பிழை இருந்து, பாதிக்குப் பாதி வாய்ப்பில் தங்கைக்கு வராமல் போயிருக்கலாம். அம்மாவுக்கு வந்தது பரம்பரை வகையே இல்லாமல் இருக்கலாம். மார்பகப் புற்றுநோயில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துதான் பரம்பரை. இல்லை, பிழை தங்கையிடம் இருந்தும் அந்தச் சோதனையின் கண்ணில் படாமல் போயிருக்கலாம். மூன்றில் எது என்று தங்கையின் ரத்தத்தை எத்தனை தடவை பார்த்தாலும் தெரியாது. நோய் வந்தவரிடம் முதலில் தேட வேண்டும். அங்கே பிழை இன்ன இடத்தில் என்று தெரிந்துவிட்டால், மற்றவர்களுக்கு அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தால் போதும். அப்போது வரும் "இல்லை" உண்மையான இல்லை.

பணக் கணக்கும் இதே பக்கம்தான் சாய்கிறது. எங்கள் வீட்டில் பார்க்க வேண்டியவர்கள் தங்கை, நான், தம்பி, மாமா, பெங்களூரில் இருக்கிற பெரியம்மா மகன் என ஐந்து பேர். ஆளுக்கொரு பேனல் 18,000 என்றால் 90,000. அம்மாவுக்கு முழுச் சோதனை 24,000, மற்ற ஐவருக்கும் ஓரிடச் சோதனை தலைக்கு 4,500 என்றால் மொத்தம் 46,500. பாதிக்குப் பாதி, அதுவும் தெளிவான பதிலோடு. இவை எங்களிடம் சொன்ன விலைகள், ஊருக்கு ஊர் மாறும். சில ஆய்வகங்கள் முதல் ஆளுக்குப் பிழை தெரிந்தால், குறிப்பிட்ட நாட்களுக்குள் வரும் உறவினருக்கு இலவசமாகவே பார்க்கின்றன. அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், கேட்க வேண்டும்.

வீட்டில் யாராவது இப்போதுதான் சிகிச்சையில் இருந்தால், ஒத்திப்போடவே வேண்டாம். அவருடைய முடிவு அவருக்கே மருந்தாகலாம். பிஆர்சிஏ பிழை உள்ளவர்களுக்கு வேலை செய்யும் ஒலாபரிப் என்ற மாத்திரை 2014 முதல் சினைப்பைப் புற்றுநோயிலும், பின்னர் மார்பகத்திலும் பயன்பாட்டுக்கு வந்துவிட்டது. நோய் வந்தவர் இறந்துவிட்டாரா? அறுவை நடந்த மருத்துவமனையின் நோயியல் துறையில் புற்றுக் கட்டியின் துண்டை மெழுகில் பதித்து வைத்த பாரஃபின் பிளாக் பத்திரமாக இருக்கலாம். அதிலிருந்து டிஎன்ஏ எடுத்துப் பார்ப்பதுண்டு. ஆனால் ஃபார்மலினில் கிடந்த டிஎன்ஏ சிதைந்திருக்கும், புற்று உருவானபோது புதிதாக வந்த பிழைகளும் அதில் கலந்திருக்கும். வேறு வழியே இல்லாதபோது அது.

எங்கள் அம்மா உயிரோடு இருந்தார், திடமாகவே இருந்தார். மறுத்தும்விட்டார். "எனக்கு வந்து போனது போதும். இனிமே என் ரத்தத்துல என்னடி இருக்கு?" உண்மைக் காரணம் இரண்டு நாள் கழித்து அடுப்படியில் வெளியே வந்தது. "நான்தான் உங்களுக்குக் குடுத்தேன்னு தாள்ல எழுதி வாங்கணுமா?" இன்னொன்றும் இருந்தது. மாமா பெண்ணுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அத்தை வீட்டில் இப்படி ஒரு ரிப்போர்ட் என்று வெளியே போனால்? இந்தப் பயத்தை எந்த ஒப்பீட்டுப் பட்டியலிலும் நான் பார்க்கவில்லை. எங்கள் வீட்டில் எல்லாவற்றுக்கும் மேலே நின்றது இதுதான்.

நான் சதவீதம் சொன்னேன், தங்கை அழுதாள், ஒன்றும் நடக்கவில்லை. ஒரு நாள் அம்மாவே கேட்டார்: "எங்க அக்காவுக்கும் இதுனாலதான் வந்துச்சான்னு தெரியுமா?" பெரியம்மாவின் வயிற்றுக் கட்டிக்கு ஊரில் என்னென்னவோ காரணம் சொன்னார்கள். ஒரே பிள்ளையோடு நிறுத்திக்கொண்டதால், மாமியாரைக் கவனிக்காததால். அநேகமாகத் தெரிந்துவிடும் என்றேன். மறுநாள் காலை அம்மா கண்டாங்கிப் புடவை கட்டிக்கொண்டு புறப்பட்டுவிட்டார். ஊதா மூடி போட்ட இரண்டு குழாய் ரத்தம். அவ்வளவுதான்.

முடிவு வர நாலு வாரம். பிஆர்சிஏ1ல் இரண்டு எக்ஸான்கள், அதாவது ஜீனின் இரண்டு துண்டுகள், அப்படியே காணோம். எழுத்துப் பிழை இல்லை, வரிகளே கிழிந்து போயிருக்கின்றன. இந்த வகைப் பெரிய நீக்கங்களை எழுத்தெழுத்தாகப் படிக்கும் சோதனை தவறவிடக்கூடும். எம்எல்பிஏ என்ற தனிச் சோதனையோ, நீக்கங்களை எண்ணிப் பார்க்கும் தனி அலசலோ வேண்டும். தங்கையின் பழைய ரிப்போர்ட்டை எடுத்தோம். கடைசிப் பக்கத்தில், எறும்பு அளவு எழுத்தில், பெரிய நீக்கங்களும் பெருக்கங்களும் இச்சோதனையில் அடங்கா என்று ஒரு வரி. அதனால் பேனல் எடுக்கப் போகிறவர்கள் ஜீன் எண்ணிக்கையைக் கேட்பதற்கு முன் இதைக் கேளுங்கள். முப்பது ஜீன் பார்த்து நீக்கத்தை விடுவதைவிட, பன்னிரண்டு ஜீனை நீக்கத்தோடு பார்ப்பது மேல்.

தங்கைக்கும் எனக்கும் அந்த ஓர் இடத்தை மட்டும் பார்த்தார்கள். அவளுக்கு இருக்கிறது, எனக்கு இல்லை. அவளுக்கு இப்போது வருடம் ஒரு எம்ஆர்ஐ, ஒரு மேமோகிராம். இரண்டாவது குழந்தை வேண்டுமா என்பதை இந்த வருடத்துக்குள் முடிவு செய்துவிட்டு, நாற்பதுக்குள் சினைப்பையை எடுக்கப் போகிறாள். எனக்கு இல்லை என்பதை நான் குழுவில் போடவில்லை.

எதிர்பாராத பலன் அம்மாவுக்குத்தான். அவருடைய சினைப்பை இன்னும் உள்ளேயே இருந்தது. மார்பகம் குணமாகி 23 வருடம் ஆன பிறகு, அதைப் பற்றி யாரும் கேட்டதே இல்லை. 66 வயதில் சின்னத் துளை போட்டு எடுத்தார்கள், மூன்றாம் நாள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

இன்சூரன்ஸ் பற்றிக் கேட்பீர்கள். ஜீன் முடிவை வைத்துப் பாகுபாடு காட்டக்கூடாது என்று அமெரிக்காவில் 2008ல் ஒரு சட்டம் வந்தது, அதுவும் ஆயுள் காப்பீட்டைத் தொடவில்லை. இங்கே அப்படித் தனிச் சட்டம் கிடையாது. மரபணு நோய் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லி மருத்துவக் காப்பீட்டை மறுப்பது பாகுபாடு என்று 2018ல் டெல்லி உயர் நீதிமன்றம் சொன்னது. படிவத்தில் கேட்டால் உண்மையைச் சொல்லியாக வேண்டும். பாலிசி இல்லாதவர்கள் சோதனைக்கு முன்பே எடுத்து வைத்துக்கொள்வது புத்திசாலித்தனம், தங்கையிடம் இருந்தது.

சொந்தத்தில் கட்டிக்கொள்ளும் குடும்பங்களுக்கு இன்னொரு விஷயம். பிஆர்சிஏ2 பிழை கணவன் மனைவி இருவரிடமும் இருந்து, குழந்தைக்கு இரண்டு பக்கமும் சேர்ந்து வந்தால், ஃபேன்கோனி அனீமியா என்ற கடுமையான ரத்த நோய் வரலாம். மாமன் மகள், அத்தை மகன் சம்பந்தம் பேசும் வீட்டில் ஒருவருக்குப் பிழை தெரிந்தால், மற்றவரும் பார்ப்பது நல்லது. எங்களுடையது பிஆர்சிஏ1 என்றாலும் கவுன்சிலர் இதைச் சொன்னபோது மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். அடுத்த வாரமே தனக்கு ரத்தம் கொடுத்தார். அவருக்கு இல்லை. மாமா பெண்ணுக்கு இனி பார்க்கவே வேண்டாம். வரன் கூடி வருகிறது.

மீதி இருப்பது தம்பியும் பெங்களூரு அண்ணனும். தம்பி பொங்கலுக்கு வரும்போது கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறான். பெரியம்மா மகனிடம் அம்மாவே பேசினார். "சித்தி, இது பொம்பளைங்க நோய்தானே" என்று சொல்லிவிட்டான். ஆண்களுக்கும் இந்த ஜீன் பாதிக்குப் பாதி போகும், அவர்களிடமிருந்து மகள்களுக்கும் போகும். அவனுக்கு 19 வயதில் ஒரு பெண் இருக்கிறாள். கவுன்சிலர் எழுதிக் கொடுத்த உறவினர் கடிதத்தையும், அம்மாவின் ரிப்போர்ட்டில் அந்த ஒரு வரியை மட்டும் படம் எடுத்தும் அவனுக்கு அனுப்பி வைத்தேன். மூன்று வாரம் ஆகிறது. இரண்டு நீல டிக் விழுந்திருக்கிறது.